பம்பர் இருந்த இடம்

ரிமோட் காரின் பிளாஸ்டிக் மேல்கூட்டுக்குக் காலையிலிருந்தே ஒரே பயம். பழைய நம்பர் ஸ்டிக்கரைப் பிய்த்த இடத்தில் பசை பிசுபிசுவென்று நின்றது. மாலைப் பந்தயத்துக்குள் அதைத் துடைத்தாக வேண்டும். மேசையில் பெயின்ட் கரைக்கும் தின்னர் பாட்டிலும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் காத்திருந்தன.

"பயப்படாதே தம்பி, ஒரே நிமிஷம்," என்றது தின்னர். "போன வாரம் உன் பம்பரை நான்தான் துடைத்தேன். பசை துளிகூட மிச்சமில்லை."

"பம்பர் எங்கே அண்ணே?"

"அது இளகி வளைஞ்சு போச்சு. பிளாஸ்டிக் சரியில்லை. பசை போச்சா இல்லையா, அதைச் சொல்லு."

கூடு எண்ணெயைப் பார்த்தது.

"நான் ஊறவே அரை மணி ஆகுமப்பா," என்றது எண்ணெய், சங்கடத்தோடு. "அவசரக்காரங்க என்னைத் தொடமாட்டாங்க."

கார்க்காரர் செழியன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். கை நேராகத் தின்னரிடம் போனது. கூடு கண்ணை இறுக மூடிக்கொண்டது.

கை தின்னரை நகர்த்திவிட்டு, அதன் பின்னாலிருந்த கிண்ணத்தை எடுத்தது.

அரை மணி கழித்து, பசை துணியோடு வந்துவிட்டது.

"இந்நேரம் நான் நாலு காரைத் துடைச்சிருப்பேன்," என்று முணுமுணுத்தது தின்னர்.

"துடைச்சிருப்பீங்க அண்ணே," என்றது கூடு. அதன் முன்பக்கத்தில், பம்பர் இருந்த இடத்தில், இரண்டு ஸ்க்ரூ மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.