சாக்கு போர்த்திய மாமன்

“அதோ வராருயா! என் மாமன்தான்!”

செண்பகம் சின்னராசுவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். கொட்டுகிற மழைக்கு அப்பால், தீவின் படகுத் துறையில், இன்னொரு படகு வந்து நின்றிருந்தது.

படகோட்டி இடுப்பளவு தண்ணீரில் குதித்தான். உள்ளே இருந்த ஆளைக் கால் நனையாமல் தோளில் சுமந்து வந்து கரையில் இறக்கினான். அந்த ஆள் கோணிச்சாக்கை மடித்துத் தலைமேல் கவிழ்த்திருந்ததில் முகம் தெரியவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது.

“நம்ம படகுக்காரன் நம்மள சேத்துல எறக்கி உட்டான். உங்க மாமனுக்கு மட்டும் இன்னா மரியாதை பாத்தியா?”

“டப்பு அழுத்தியிருப்பாரு. நீ நடயா!”

எமர்ஜென்சி முடிந்த வருடத்து ஐப்பசி அது. சின்னராசுவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. செண்பகம் பக்கத்து மருந்துக் கம்பெனியில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள். ஒரே ரயிலில் போய் வந்ததில் பழக்கமாகி, கல்யாணம் வரை வந்துவிட்டது.

தடையாக நின்றவர் ஆரணியில் விறகுத் தொட்டி வைத்திருக்கும் தாய்மாமன் சாலமோன். மனைவியை இழந்தவர். செண்பகம் தனக்குத்தான் என்று முடிவு செய்திருந்தார். அதனால்தான் பழவேற்காடு ஏரிக்கு நடுவே, சின்னராசு பிறந்த தீவில் இருக்கும் சின்ன மாதா கோயிலில் இன்று தாலி கட்டுவதாக ஏற்பாடு. கோயிலை ஒட்டிய அறையில் குடியிருக்கும் பெரிய சாமியார் மூன்று ஞாயிறும் பூசையில் கல்யாண ஓலை வாசித்து, ஊரறிய அறிவித்து முடித்திருந்தார்.

மாமனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று காலையில் ஸ்டேஷனிலேயே ஒரு தோழி எச்சரித்திருந்தாள்.

கோயில் தீவின் மறுகோடியில். பனங்காட்டுக்கும் தாழம்புதருக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைதான் வழி. செண்பகம் கூறைச்சேலைப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தாள். செருப்பைச் சேறு எப்போதோ பிடுங்கிக்கொண்டுவிட்டது.

அவர்கள் வேகமாக நடந்தால் சாக்குக்காரரும் வேகமாக நடந்தார். ஒரு வளைவில் நின்று மூச்சு வாங்கினால், அவரும் தூரத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஒருதரம் கையை உயர்த்தி ஏதோ கத்தினார். காற்று வார்த்தையை ஏரிப்பக்கம் கொண்டுபோய்விட்டது.

“இன்னா சொல்றாரு?”

“வெட்டிப்புடுவேன்றாரு. வேற இன்னா சொல்லுவாரு?” என்றாள் செண்பகம். “அவரு கையில மாட்டுனேன்னா இன்னிக்கே ஆரணிக்கு இஸ்துகினு போயிடுவாரு. அப்புறம் நீ என்னைப் பாக்கவே முடியாது.”

சின்னராசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

குறுக்கே ஓர் உப்போடை வந்தது. அதன்மேல் ஒரு பனந்துண்டுதான் பாலம். செண்பகத்தை முதலில் அக்கரை சேர்த்துவிட்டு, தானும் தாண்டி வந்த சின்னராசு குனிந்து பனந்துண்டின் நுனியைப் பிடித்தான்.

“ஐயோ, இன்னா பண்றே? அவருக்கு நீச்சல் தெரியாதுயா!”

“மாரளவு தண்ணிதான். உன் மாமன் சாவ மாட்டாரு. நனைவாரு, அவ்ளோதான்.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு அவனோடு சேர்ந்து தானும் பிடித்துத் தள்ளினாள். பனந்துண்டு ஓடையில் உருண்டு மிதந்து போனது.

அவர்கள் புதருக்குள் மறைந்த சிறிது நேரத்தில் பின்னால் ‘தொபீர்’ என்று சத்தம் கேட்டது. செண்பகத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடனே வாயைப் பொத்தி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார், சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை. இருவரும் உள்ளே விழுந்தடித்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

“இன்னாடா ராசு, பேய் தொரத்துதா?”

“பேய் இல்ல நைனா, பொண்ணோட மாமன்! சீக்கிரம் சாமியாரைக் கூப்புடு. தாலி கட்டிட்டேன்னா அப்புறம் அவரு இன்னா பண்ணுவாரு?”

கோயில்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கதவு அதிர்ந்தது. தடதடவென்று தட்டல். சின்னராசு கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றான். செண்பகம் அவன் பக்கத்தில் போய்த் தானும் சாய்ந்துகொண்டாள்.

“தொறக்க மாட்டோம்!” என்று கத்தினாள். “என்னைக் கொன்னாலும் உன்னைக் கட்டிக்க மாட்டேன், போ!”

வெளியே தட்டல் நின்றுவிட்டது. கோயில்பிள்ளை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மறுகணம் முகம் வெளிறி ஓடிவந்து, இருவரையும் விலக்கித் தாழைத் திறந்தார்.

சாக்குக்காரர் உள்ளே வந்தார். கழுத்து வரை சேறு. காதோரம் ஒரு பாசிக்கொத்து. சாக்கை உதறிப் போட்டதும் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் இளைஞனின் முகம் தெரிந்தது. செண்பகம் அந்த முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

“ஸ்தோத்திரம் சாமி,” என்று கோயில்பிள்ளை குனிந்தார். “பெரிய சாமியார் ஜுரத்துல எழுந்திருக்கவே இல்லீங்க. கல்யாணத்தை நடத்திவைக்க உங்களுக்குச் சொல்லி அனுப்பிட்டு வழி பாத்துகினே இருக்காரு.”

வந்தவர் மடித்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டார். அங்கி கணுக்கால் வரை இறங்கியது.

“கோயிலுக்கு வழி தெரியல. உங்க பின்னாடியே வந்தா சேர்ந்துடலாம்னு பாத்தேன்,” என்றார் மூச்சு வாங்கியபடி. சின்னராசு தரையைப் பார்த்தான். செண்பகம் சின்னராசுவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

சாமியார் காதிலிருந்த பாசியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“முதல்ல பாவமன்னிப்பு. அப்புறந்தான் தாலி.”