மூக்குக்கு ஓய்வு

குப்பைக் கிடங்கு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறும்போதே, எல்லோரையும் போல வேதநாயகமும் மூக்கோரத்துப் பொத்தானை அழுத்தி மூக்கை அணைத்துவிடுவார். மூக்கு நீடித்து உழைக்க டாக்டர் சொன்ன பழக்கம் அது. வீட்டுக்கு வந்தும் அதைத் திரும்பப் போட மறப்பது அவராகப் பழகிக்கொண்டது.

அன்று மனைவி ஊற்றிய கருவாட்டுக் குழம்பில் ஒரு வாய் வைத்ததும், "வாசனை ஆளைத் தூக்குது, ஸ்டெல்லா" என்றார் வழக்கம்போல.

"நிஜமாவா? அடிபிடிச்சுக் கருகிப்போச்சுங்க. எதிர்வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டித்தான் எனக்கே தெரியும்."

மாட்டிக்கொண்டோம் என்று பொத்தானைத் தேடிய அவர் விரல் பாதியில் நின்றது.

"அடுப்படியிலேயே நின்ன உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

ஸ்டெல்லாவின் விரலும் மெல்ல மூக்குக்குப் போனது. "கருவாடு கழுவும்போது அணைச்சேன்."

இருவரும் பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு இழுத்தார்கள். பிறகு, பேசிவைத்ததுபோல் ஒன்றாகவே அணைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்கள்.