இல்லாத முந்தானை

“முந்தானையா? உங்களுக்கா, சார்?”

“ஆமா டீச்சர். பின்னம் நடத்த ஆரம்பிச்சாலே, இல்லாத முந்தானையை இழுத்து இடுப்புல செருகிக்கிறேன். பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.”

பயிற்சி மையத்தின் தேநீர் இடைவேளையில் மங்கையர்க்கரசி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். மாவட்டத்திலேயே பின்னத்தை நன்றாக நடத்துபவர் என்று அவர் பாடம் நடத்தும் நினைவையே கருவியில் பதிவுசெய்து, நாற்பது ஆசிரியர்களின் நினைவில் ஏற்றியிருந்தார்கள். பாடத்தோடு, முந்தானையை இழுத்துச் செருகும் அவர் பழக்கமும் சேர்ந்தே போயிருக்கிறது.

“மானம் போகுது சார். பதிவைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி இப்பவே எழுதிக் கொடுத்துடறேன்.”

எடுத்தால் முந்தானையோடு பாடமும் போய்விடும் என்பது எதிரில் நின்ற கணக்கு வாத்தியார் கோதண்டபாணிக்குத் தெரியும். பதினோரு வருடமாக அவர் வகுப்பில், மூன்றைவிட நான்கு பெரியது, ஆகவே மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்றுதான் பெரியது என்று பிள்ளைகள் சாதித்துவந்தார்கள். டீச்சரின் பாடம் நினைவில் ஏறிய பிறகு, போன செவ்வாய்க்கிழமை கடைசி பெஞ்சு ஜெசிந்தா, கடலைமிட்டாயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, “மூணு பேருக்குப் பதிலா நாலு பேருக்குப் பங்கு போட்டா, என் பங்கு சின்னதாத்தானே சார் ஆகும்?” என்றாள். அன்று சாயங்காலம் பேருந்தில் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மங்கையர்க்கரசி வெள்ளைத்தாளை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

“டீச்சர், சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். இந்த வருஷம் முடியற வரைக்குமாவது அதை என்கிட்ட விட்டுவைங்களேன்.”