வடக்குக் குறி

பேருந்து நிறுத்தத்தின் புது நிழற்கூரை கிரேனில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கணினியில் வடிவமைத்தவள் மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி கீழே நிற்கிறாள். பிற்பகல் வெயில் கண்ணைப் பறிக்கிறது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தன் நிழலைத் திரைமேல் விழவைக்கிறாள். இப்போது தெரிகிறது. கணினி போட்ட வெப்பப் படத்தில், சிவப்பாய்க் கொதிக்கும் சதுக்கத்தில் பெஞ்சு மட்டும் குளிர்ந்த நீலம். அந்தப் படத்தின்படி இந்நேரத்துக் கூரை நிழல் சாலையை விட்டு விலகி, கச்சிதமாக அந்தப் பெஞ்சின் மேல் விழுகிறது. ஆனால் அவளுடைய நிழல் சாலைப் பக்கமல்லவா நீண்டு கிடக்கிறது? திரை ஓரத்திலிருக்கும் வடக்குக் குறியைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். அது தெற்கைக் காட்டிக்கொண்டு பரம சாதுவாக நிற்கிறது. இடத்தின் வரைபடத்தைக் கணினியில் ஏற்றும்போது தலைகீழாக வைத்தது அவளேதான். கிரேன் உறுமுகிறது, இன்னும் ஒரு ஆள் உயரம் இறங்கினால் கூரை தூண்களில் உட்கார்ந்துவிடும். பெஞ்சு ஆளில்லாமல் காய்கிறது. பேருந்துக்கு நிற்பவர்கள் எல்லாரும், ஒரு கைக்குழந்தைக்காரி உட்பட, தொங்கும் கூரையின் நிழலைத் தேடிச் சாலையிலேயே இறங்கி ஒண்டி நிற்கிறார்கள். ஒரு லாரி அலறிக்கொண்டே அவர்களை உரசினாற்போல் போகிறது. "உசுரு மேல ஆசையில்லையா? மேல ஏறுங்க!" என்று மேஸ்திரி தொண்டை கிழியக் கத்துகிறார். ஒருவரும் அசையவில்லை. அவர் இவள் பக்கம் திரும்புகிறார். "மேடம், நீங்களாவது சொல்லுங்க. பெஞ்சு சும்மாத்தானே கிடக்கு?" அவள் மடிக்கணினியை மூடுகிறாள். "தப்பான இடத்துல நிக்கிறது அவங்க இல்லண்ணா," என்கிறாள். "என் கூரைதான். இறக்காதீங்க."