நான்காவது ஓய்வறை

ஒலிபெருக்கி திடீரென்று அலறியது. சோபாக்களில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டு விழித்தார்கள். "பயணி வேழவேந்தன், உடனே விமானத்துக்கு வரவும்" என்றது குரல். அந்த வேழவேந்தன் மட்டும் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்த விமான நிறுவனத்தின் பிசினஸ் கிளாஸ் ஓய்வறை உசத்தி என்று ஒப்பிட்டு எழுதுவது அவருடைய வேலை. இந்த விமான நிலையத்தில் இது நான்காவது. முதலாவதில் தோசை சுடச்சுடக் கிடைத்தது. இரண்டாவதில் குளித்துவிட்டுத் துடைக்கும் துண்டுகூட வெதுவெதுப்பாக இருந்தது. மூன்றாவதில் நாற்காலியே கட்டிலாக விரிந்தது. அந்த மூன்றிலும் அறிவிப்பு கிடையாது. திரையைப் பார்த்து நாமே கிளம்பிக்கொள்ள வேண்டும். இங்கே காபி ஆறிப்போயிருந்தது, சோபாவின் ஸ்பிரிங் முதுகில் குத்தியது. ஆனாலும் நோட்டில் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்.

மறுபடியும் ஒலிபெருக்கி, அதே பெயர். காலையில் அவருடைய டிக்கெட்டைப் பார்த்து, "நம்ம ஊரா சார்?" என்று மலர்ந்த வரவேற்புப் பெண் இப்போது மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், உங்களைத்தான் கூப்பிடறாங்க! ரெண்டு தடவை ஆச்சு. கதவை மூடிட்டாங்கன்னா அவ்வளவுதான். வீட்டுல காத்துட்டு இருக்க மாட்டாங்களா?"

அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"வீட்டுல என் பேரைச் சொல்ல யாரும்மா இருக்கா? இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும், கிளம்பிடறேன்."