ஞாயிற்றுக்கிழமைப் படங்கள்

“கெதியா மாத்திக்கொண்டு வாரும். திமிங்கிலத்துக்குக் கீழ இப்பதான் ஆக்கள் குறைஞ்சிருக்கு.”

ரதீசன் பெரிய பையை மனைவியிடம் நீட்டினான். உள்ளே சுடிதார்கள், சட்டைகள், ஒரு பட்டுச்சேலை, போதாக்குறைக்கு ஒரு குளிர்கோட்டு. வெளியே செப்டம்பர் வெயில் எரித்துக்கொண்டிருந்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெண்கள் கழிப்பறையை யசோதினி காலையிலிருந்தே உடுப்பு மாற்றும் அறையாக்கி வைத்திருந்தாள்.

நீலச் சுடிதாரும் பின்னலுமாக உள்ளே போனவள், மஞ்சள் சட்டையும் கொண்டையுமாக வெளியே வந்தாள். வாசலில் சுசிலா அக்கா நின்றார். ஈஸ்ட் ஹாமில் அவர்களுடைய தெருவிலேயே இருப்பவர். பேரப்பிள்ளைகளுக்கு டைனோசர் காட்ட வந்திருந்தார்.

“என்ன பிள்ளை, இப்பதானே உன்னை நீலத்தில கண்டனான்? சினிமாப் படம் ஏதும் எடுக்கிறீங்களோ?”

“சும்மா, அம்மாவுக்கு அனுப்பத்தான் அக்கா.”

“கொம்மாவுக்கு ஒரு படம் காணாதோ? நல்லாத்தான் படங்காட்டுறீங்கள்!”

அக்கா சிரித்துக்கொண்டே போனார். நாளைக்கு ஹை ஸ்ட்ரீட்டில் மீன் வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்துவிடும்.

யசோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை அவளுக்கு முதல் மருந்து ஏற்றுகிறார்கள். மார்பில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. மருந்தேற்றத் தொடங்கினால் தலைமுடி கொட்டும், முகம் ஊதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் தம்பி றமணனோடு இருக்கும் அம்மாவுக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. தெரியவும் கூடாது. அப்பா புற்றுநோயில் போனதிலிருந்து, அந்த நோயின் பெயரைக் கேட்டாலே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவார்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வீடியோவில் கதைப்பார்கள். கோடையில் ஒருநாள் அம்மாவே சொன்னார்: “வீடியோவில என்ர முகத்தைப் பாக்க எனக்கே வெக்கமாக் கிடக்கு பிள்ளை. கதைக்கேக்க சும்மா போனில கதைப்பம். கிழமைக்கு ஒரு படம் அனுப்பு, அது காணும்.” அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அங்கிருந்து ஒரு படம் வரும், இங்கிருந்து ஒரு படம் போகும். கடவுளாகப் பார்த்துச் செய்த உதவி என்று யசோதினி நினைத்துக்கொண்டாள்.

“மியூசியம் எண்டது நல்ல யோசனை,” என்றான் ரதீசன், போனைத் தூக்கிப் பிடித்தபடி. “உள்ளுக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கோட்டைப் போட்டா டிசம்பர், கழட்டினா செப்டம்பர்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்தில மறைக்கிறம்.”

“மறைப்பம். உமக்குச் சுகம் வந்தாப் பிறகு நாங்களே எடுத்துக் காட்டுவம்.”

திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் ஒன்று. பிறகு பக்கத்து அருங்காட்சியகத்தில் பழைய ரயில் எஞ்சினுக்கு முன்னால், கோட்டும் கழுத்துத் துணியுமாக வேர்த்து வழிந்துகொண்டு ஒன்று. காவலுக்கு நின்ற பெண் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

தெருவைத் தாண்டி அடுத்த அருங்காட்சியகம். சலவைக்கல் சிலைகளுக்கு நடுவே பட்டுச்சேலையில் நின்றபோது யசோதினிக்கு முகம் ஒத்துழைக்க மறுத்தது. விரித்துவிட்ட கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு தடவினாள்.

“இது அம்மா எண்ணெய் வச்சு எண்ணெய் வச்சு வளத்த தலைமயிர்.”

ரதீசன் போனைத் தாழ்த்தினான். பிறகு மறுபடி தூக்கிப் பிடித்தான். இரண்டு பேரும் அழுதால் படம் எடுப்பது யார்?

“சிரியும். இது தைப்பொங்கலுக்குப் போற படம். கண் கலங்கினா, பொங்கல் புகையெண்டு சொல்லுவம்.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவன் விடவில்லை.

“மெய்யே, இவ்வளவு கள்ளமும் எங்க பழகினீர்?”

“நான் எங்கட அம்மா சிவமலரின்ர மகள்தானே!”

கடைசியாக ஹைட் பார்க். றோசாத் தோட்டத்தில் ஒரு படம் எடுத்ததும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது.

“நல்ல வெளிச்சம். அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இதிலயே இன்னும் ஒண்டு நில்லும். வாற கிழமைக்கு வச்சிருப்பம்.”

“ஏலாது. ஒரு பூ ரெண்டு கிழமைக்கு அப்பிடியே நிக்குமே? அம்மாவை உங்களுக்குத் தெரியாது. பூவைப் பாத்தே பிடிச்சிடுவா.”

ரதீசன் தோற்றுப்போய்ப் பையை மூடினான்.

இருவரும் ஒரு மர வாங்கில் அமர்ந்தார்கள். கால் உளைந்தாலும் யசோதினிக்கு மனம் கொஞ்சம் லேசாகியிருந்தது. இனி மருந்து என்ன செய்தாலும் செய்யட்டும், பொங்கல் வரைக்கும் அம்மாவுக்கு மகள் சுகமாக இருப்பாள். இன்றைய படத்தை அனுப்பப் போனைத் திறந்தாள். அம்மாவின் படம் முதலே வந்து காத்திருந்தது. சிவப்புச் சேலையில், கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் நின்று அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

ரதீசன் எட்டிப் பார்த்தான். “மாமி நல்ல வடிவா இருக்கிறா, என்ன?”

“ஓம். போன கிழமைப் பச்சையைவிட இது எடுப்பு. பாருங்கோவன்.”

போன கிழமைப் படத்துக்கு விரலால் தள்ளினாள். பிறகு அதற்கு முந்தியதற்கு. பிறகு அதற்கும் முந்தியதற்கு. அங்கே அவளுடைய விரல் நின்றுவிட்டது.

சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா. கிழமைக்கொரு சேலை. ஆனால் எல்லாப் படங்களிலும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் அதே வாழைப்பூப் பொத்தி, அதே ஒற்றை மடலை மட்டும் விரித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது.