சம்பளம் நேரில் பேசப்படும்

"வேலை விளம்பரத்துல சம்பளம் போடணும்னு இந்த ஸ்டேட்ல சட்டமே இருக்கு, ஹார்லன். கணக்கர் வேலை விளம்பரத்துல நீங்க போடல. அப்ளை பண்ணவங்க எல்லாரும் சேர்ந்து கேஸ் போட்டுட்டாங்க" என்றார் வக்கீல் ஃபென்விக்.

"சம்பளத்தைப் போட்டா, ஏற்கெனவே இங்க வேலை செய்யறவங்க பார்த்துட்டு, எனக்கும் அதைக் குடுன்னு வந்து நிப்பாங்களே."

ஹார்லனுக்கு ஸ்போகேன் நகரில் மூன்று கடைகள். விற்பது மெத்தை, சம்பள விஷயத்தில் கருங்கல். வந்த நோட்டீசைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வக்கீலிடம் தள்ளிவிட்டிருந்தார்.

"அந்தக் கணக்கர் வேலைக்கு அப்ளை பண்ண ஒவ்வொருத்தருக்கும் பணம் குடுத்து, சமாதானமாப் போயிடலாம். கேசை ஆரம்பிச்சவங்க இப்ப வருவாங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க."

"வேலைவெட்டி இல்லாதவன் எவனோ. வரட்டும்."

கதவு திறந்தது. ஆண்டுக்கணக்காகக் கடைக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழும் டெனீஸ், கையில் காப்பியோடு நின்றாள்.

"வச்சுட்டுப் போ, டெனீஸ். ஒருத்தர் வரணும்."

டெனீஸ் போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியைத் தானே ஒரு வாய் குடித்தாள்.

ஹார்லன் வக்கீலைப் பார்த்தார்; வக்கீல், இவங்கதான் என்பதுபோல் தலையாட்டினார். "உனக்குத்தான் இங்க வேலை இருக்கே. நீ எதுக்கு அப்ளை பண்ணே?"

"என் நாற்காலிக்குத்தானே ஆள் தேடினீங்க, ஹார்லன். புதுசா வர்றவங்களுக்கு எவ்வளவு குடுப்பீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."